உப்புப் பார்க்கிற பிச்சைமுத்து

அக்கா புருஷன் பிச்சைமுத்து மேல் காசிநாதனுக்கு இருந்த ஆத்திரம் அவன் கல்யாணப் பந்தியிலேயே மூண்டது. முதல் வாய் வைத்ததும் மாமா, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பொண்ணு வூட்டு சாம்பாருல உப்பே இல்லியே" என்றார். மாமனார் உப்புக் கிண்ணத்தோடு ஓடினார். இன்றைக்கும் காசிநாதன் சோற்றைக் குறை சொன்னால், "உங்க மாமாவ இட்டாந்து நக்கிப் பாக்கச் சொல்லு" என்பாள் பெண்டாட்டி செல்லியம்மாள்.

பிச்சைமுத்து வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். ஆனால் உப்புப் பார்ப்பதுதான் தன் தொழில் என்று அவருக்கு நினைப்பு. காதுகுத்தோ கருமாதியோ, அவர் உள்ளங்கையில் குழம்பு ஒரு சொட்டு விழுந்தாக வேண்டும். நாக்கைச் சப்புக்கொட்டி, "பத்தல" என்பார். வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

முதுகுவலிக்குக் கடை மாத்திரையாக விழுங்கியதில் கிட்னி போனது. கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ். மொபெட் வைத்திருந்த பாவத்துக்குக் காசிநாதன்தான் கூட்டிப்போனான். உப்பையும் குறை, தண்ணீரையும் குறை என்று சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் ரத்தம் பார்த்த நர்ஸ் செவ்வந்தி, "சோடியம் எறங்கிப்போச்சு ஐயா. ரத்தத்துல உப்பு கம்மி" என்றாள்.

மாமா துள்ளி உட்கார்ந்தார். "பாத்தியாடா மச்சான்! என் ரத்தத்துலயே உப்பு பத்தல!"

"உப்பு போடலன்னு அர்த்தம் இல்லீங்க. குடிக்கிற தண்ணி வெளிய போவாம..."

அதைக் கேட்க மாமாவுக்கு ஏது காது? வழியிலேயே கருவாடு வாங்கினார். தின்றார். தாகம் எடுத்தது. அக்கா ராஜாம்பாள் சொம்பை ஒளித்தாலும் எங்கெங்கோ போய்க் குடித்தார். மாட்டுத்தொட்டியில் வாய் வைக்காததுதான் பாக்கி. உடம்பு ஊதி, மூச்சு முட்டி, தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

மிஷின் தண்ணீரை உறிஞ்சி எடுத்த பிறகு காசிநாதன் பிடித்துக்கொண்டான். "ஏன் மாமா, நல்லா உப்பு போட்ட சாம்பாருல நாலு கொடம் தண்ணி ஊத்துனா உப்பு தெரியுமா? ரத்தத்த நீயே ரசமாக்கிக்கினு, உப்பு பத்தலன்னு இன்னா கூத்து இது?"

மாமா உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கி உன் மாமனாரும் உப்ப அளவாத்தான் போட்டிருப்பாரு. தண்ணிதான் ஜாஸ்தியா பூட்டிருக்கும்" என்றார்.

"இதச் சொல்ல உனுக்கு கிட்னி போவணுமா?"

அதற்கப்புறம் சொம்பை அவரே தள்ளி வைத்தார். ஆனால் இருதயம் ஏற்கெனவே களைத்துவிட்டது. கடைசியாகக் காசிநாதனைக் கிட்டே வரச்சொல்லிக் கையைப் பிடித்தார்.

"உப்பால செத்தவன்னு என் கருமாதிக்கு உப்பு போட சமையக்காரன் பயப்படுவான். நீ கையில வாங்கிப் பாரு. பத்தலன்னா, பந்தியில சொல்லாத மச்சான். அடுப்பாண்ட போயி, அவன் காதுல மட்டும் சொல்லு."