போன மாத எடை

செய்தி மடல் கையில் கிடைத்தால் சௌந்திரம் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவாள். எட்டு வருடமாக இதே பழக்கம். இத்தனைக்கும் அந்த மடலை எழுதுவதே அவள்தான். ஒன்றிய அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து ஸ்டென்சில் தாளில் இரும்புப் பேனாவால் கீறுவதும் அவள், சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் மை பூசிச் சுற்றுவதும் அவள். கடைசிப் பக்கத்தில் 'ஊழியர் செய்திகள்' என்று தலைப்பு இருக்கும். எந்தப் பால்வாடி ஆசிரியை பயிற்சிக்குப் போனார், எந்த மையத்தில் காய்கறித் தோட்டம் நன்றாக வந்தது, யாருக்குப் பெண் குழந்தை பிறந்தது, யார் மாற்றலாகிப் போனார். எல்லாம் அவளே எழுதியது. ஆனாலும் அச்சாகி வந்ததும் யாரோ எழுதியதைப் போல அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்ப்பாள். ஒரு பெயர் அங்கே இல்லை என்று உறுதியானதும் மடித்து வைப்பாள்.

அந்தப் பெயர் குஞ்சம்மாள்.

சௌந்திரம் முக்கிய சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தது 1980-ன் கடைசியில். இருபத்து மூன்று வயது. அவளுடைய அப்பா சென்னியப்பன் கடலைக்காட்டையும் சோளக்காட்டையும் தவிர வேறு உலகம் அறியாதவர். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பி.எஸ்ஸி. மனையியல். ஊருக்குள் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தாலும் சௌந்திரத்தைத்தான் தேடி வந்தார்கள். அந்த மரியாதை வேலைக்குப் போகிற இடத்திலும் கிடைக்கும் என்று நினைத்திருந்தாள். தன் பொறுப்பில் இருந்த இருபத்தொரு பால்வாடிகளுக்கும் போய், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு எடுப்பதும் ஆசிரியைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவள் வேலை.

கள்ளிமேட்டுப் பால்வாடி ஆசிரியை குஞ்சம்மாள் எட்டாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் செங்கோடன் ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வடக்கே ஆழ்குழாய்க் கிணறு போடப் போய்விடுவார். குஞ்சம்மாள் ஒற்றை ஆளாக வீட்டையும் பார்த்துக்கொண்டு நாற்பது குழந்தைகளையும் பார்த்துக்கொண்டாள்.

கள்ளிமேட்டில் சௌந்திரம் எடுத்த முதல் வகுப்பிலேயே அது நடந்தது. அவள் நோட்டைப் பார்க்காமல் சொன்னாள்: நூறு கிராம் கேழ்வரகில் முந்நூற்று நாற்பத்து நாலு மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பாலூட்டும் தாய்மார்களுக்கு அது மிகவும் அவசியம்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ராசாத்தி என்ற பெண் குஞ்சம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஏக்கா, இந்தம்மா என்ன சொல்லுது?"

"ராகிக் களிய ஊட்டுக்காரருக்கும் மூத்ததுக்கும் போட்டுட்டு, கடேசியில சட்டியச் சொரண்டித் திங்காதன்னு சொல்றாங்க" என்றாள் குஞ்சம்மாள். "உன்ர வட்டல்ல மொதல்ல போடு. பால் குடுக்கறவ நீதான, உன்ர ஊட்டுக்காரனா?"

எல்லோரும் சிரித்தார்கள். "அதத் தமிழ்ல சொன்னாத்தான் என்னங்களாமா" என்றாள் ராசாத்தி.

தமிழில்தானே சொன்னோம் என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க சௌந்திரம் யோசித்துக்கொண்டு வந்தாள். அந்த முந்நூற்று நாற்பத்து நாலை மனப்பாடம் செய்ய அவள் எத்தனை நாள் கண் விழித்திருந்தாள். குஞ்சம்மாள் சாப்பிடுகிற வட்டலை மட்டும் சொன்னாள். வட்டலைச் சொன்னது சரி என்று தெரிந்ததுதான் பொறுக்கவில்லை. தவறாகச் சொல்லியிருந்தால் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் காதில் விழுவது அந்தப் பெயர்தான். பக்கத்து ஊர் ஆசிரியைகள்கூட, "கள்ளிமேட்டக்கா இப்படிப் பண்ணுவாங்களாம்" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். செய்தி மடலுக்குச் சேதி கேட்டால் கள்ளிமேட்டுச் சேதியாகவே வந்தது. சௌந்திரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். ஸ்டென்சில் கீறும்போது இடம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

1981 சித்திரையில் மாதாந்திரக் கூட்டம். விரிவாக்க அலுவலர் தீர்த்தகிரி சுற்றறிக்கையைப் படித்தார். கோயம்புத்தூரில் மூன்று மாதப் பயிற்சி. ஒன்றியத்துக்கு ஒரு பால்வாடி ஆசிரியை. முடித்து வந்தால் பயிற்றுநர் வேலை, நிரந்தரம். வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. முக்கிய சேவிகா பரிந்துரைக்க வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் அவர் சௌந்திரத்திடம், "யாரைப் போடறீங்கன்னு நான் கேக்கவே வேண்டாம், அந்தக் கள்ளிமேட்டம்மாதான" என்றார். "திரும்பி வந்தா உங்களுக்கும் அவங்கதான் வகுப்பு எடுப்பாங்க. முன் பெஞ்சில உக்காந்து நோட்ஸ் எடுத்துக்கங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பஸ் நிலையத்தில் குஞ்சம்மாள் காத்துக்கொண்டு நின்றாள். முந்தானையில் முடிந்திருந்த கடலை உருண்டையை எடுத்து சௌந்திரம் கையில் வைத்தாள்.

"ஏனுங்க, ஆவணி வந்தா எனக்கு முப்பத்தஞ்சு முடியுதுங்க. இந்த வருசம் உட்டா அப்புறம் இல்லீங்க."

"பார்க்கலாம்" என்றாள் சௌந்திரம்.

"உங்க கையிலதானுங்க இருக்குது. அப்ப நான் வாரேனுங்க."

பரிந்துரைக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பத்து நாள் போனது. குஞ்சம்மாளின் தகுதியில் ஒரு குறையும் இல்லை. குறை ஏதாவது இருக்காதா என்று தேடுகிறோம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் கள்ளிமேட்டுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினாள். அன்று குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். எடை நாளில் அவள் அங்கே போனதில்லை. பதிவேட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம்.

பால்வாடி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். விட்டத்தில் ஸ்பிரிங் தராசு தொங்கியது. துணித் தூளியில் ஒரு குழந்தை கால் உதைத்துக்கொண்டிருந்தது. ஊசி ஒன்பதேகாலில் நின்றது. குஞ்சம்மாள் கூட்டத்துக்குக் கேட்கும்படி, "ஒம்பது கிலோ" என்றாள். அடுத்த குழந்தைக்கு ஊசி எட்டில் நின்றது. "எட்டரை" என்றாள். அதற்கடுத்த குழந்தைக்கும் ஊசி ஒன்று காட்டியது, குஞ்சம்மாள் வேறொன்று சொன்னாள்.

சௌந்திரத்துக்கு நெஞ்சு படபடத்தது. தவறைக் கண்ட வருத்தம் இல்லை அது. கல்லூரியில் முதல் மதிப்பெண் வந்த நாளில் வந்த அதே படபடப்பு. உள்ளே போய் ஏன் என்று கேட்டிருக்கலாம். பதிவேட்டை வாங்கிப் பார்த்திருக்கலாம். கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற பயத்தில்தான் கேட்கவில்லையோ என்று பின்னாளில் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று வந்த வழியே திரும்பி, அடுத்த பஸ்ஸில் ஏறி அலுவலகம் போய் எழுதினாள். 'கள்ளிமேடு மையத்தில் எடை தவறாக வாசிக்கப்படுகிறது. பதிவேடு நம்பத்தக்கதல்ல. பயிற்சிக்குப் பக்கத்து ஊர் மைய ஆசிரியை காளியாத்தாளைப் பரிந்துரைக்கிறேன்.'

"ஒரு விளக்கம் கேக்கலாமாம்மா?" என்றார் தீர்த்தகிரி.

"நானே கண்ணால பார்த்தேன் சார்."

கண்ணால் பார்த்தது உண்மைதான். அந்த உண்மையை இன்னும் கெட்டிப்படுத்திக்கொள்ளலாம் என்று அடுத்த மாத எடை நாளில் மறுபடி கள்ளிமேட்டுக்குப் போனாள். இம்முறை உள்ளே போனாள். போன மாதப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். குஞ்சம்மாளின் கோணல் எழுத்தில், முதல் குழந்தைக்கு ஒன்பதேகால், அடுத்ததற்கு எட்டு. ஊசி காட்டியது அப்படியே இருந்தது. சௌந்திரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தானே ராசாத்தியின் குழந்தையைத் தூளியில் போட்டு, ஊசியைப் பார்த்து, "பத்தரைக் கிலோ" என்று சத்தமாக வாசித்தாள்.

ராசாத்தி பாய்ந்து வந்து குழந்தையைத் தூளியோடு அணைத்துக்கொண்டாள். "இப்படியாங்க பத்துப் பேரு முன்னால சொல்லுவாங்க? படிச்சவிங்கதான நீங்க?" என்றவள் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழந்தையின் தலையைச் சுற்றித் துப்பிப் போடப் போய்விட்டாள்.

"நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள் குஞ்சம்மாள். "மொதல்ல எடை போடவே ஒருத்தியும் புள்ளையக் கொண்டாரலீங்க. புள்ளைய நிறுத்தா கண்ணு பட்டு எளச்சுப் போயிருமாமா. நான் என்ன பண்ணுனேன், போன மாச எடையத்தான் சத்தமாச் சொல்லுவேன். கண்ணு பட்டா அந்தப் பழசு மேல பட்டுட்டுப் போவட்டும். இந்த மாச எடைய எல்லாரும் போனதுக்கப்புறம் எழுதிக்குவேனுங்க. எறங்கியிருந்தா தாயிக்காரி காதுல மட்டும் சொல்லிருவேன். இப்ப நாப்பது புள்ளையும் வருதுங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏனுங்க, எனக்கு எடை பாக்கத் தெரியலைன்னு யாரோ எழுதிட்டாங்களாமா. அதனால பயிற்சிக்கு என்ர பேரு இல்லையாமா. யாருன்னு தெரியலீங்க. நீங்க நேர்ல பாத்துட்டீங்கல்ல, ஒரு நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதுங்க."

பயிற்சி தொடங்க இன்னும் பதினாறு நாள் இருந்தது.

"எழுதறேன்" என்றாள் சௌந்திரம்.

எழுதவும் உட்கார்ந்தாள். தீர்த்தகிரியிடம் போய் வாய் திறந்தபோது அவர் கோபிக்கவில்லை. "நீங்களே எழுதி, நீங்களே அது தப்புன்னு எழுதினா மேல என்ன நெனப்பாங்கம்மா? உங்க தகுதிகாண் பருவம் ஆறு மாசத்தில முடியுது. யோசிச்சுக்கங்க" என்றார். அவள் யோசித்தாள். வீட்டில் முதல் பட்டதாரி, முதல் அரசாங்க வேலை, அப்பாவின் முகம். இதெல்லாம்தான் காரணம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாள் கோவை போய்வந்து தனக்கு முன்னால் நின்று வகுப்பெடுக்கிற காட்சி அந்தக் காரணங்களுக்கெல்லாம் முன்பே வந்து உட்கார்ந்திருந்ததை அவள் மட்டுமே அறிவாள்.

பதினாறு நாளும் போயின. காளியாத்தாள் கோவைக்குப் போனாள். ஆவணி பிறந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த தை மாத மடலில் எழுத நல்ல சேதி ஒன்றும் அகப்படவில்லை. சௌந்திரம் அந்த எடை முறையை எழுதினாள். தாய்மார்கள் கூச்சப்படாமல் குழந்தைகளைக் கொண்டுவர வேண்டுமானால், சத்தமாகச் சொல்வது போன மாத எடையாக இருக்கட்டும், இந்த மாத எடையைத் தாயின் காதில் சொல்லுங்கள். யார் கண்டுபிடித்தது என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. பிறகு 'ஒரு மையத்தில்' என்று கீறினாள். மடல் மாவட்டம் வரை போய், நல்ல யோசனை என்று பாராட்டுக் கடிதம் வந்தது, அவள் பெயருக்கு.

குஞ்சம்மாள் மடலை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா? நம்ம மாதிரியே வேற எங்கியோ ஒருத்தி பண்ணியிருக்கறா. அப்ப நான் பண்ணுனது தப்பில்லதானுங்களே? தப்போ என்னமோன்னு இத்தன நாளா உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க."

"தப்பில்ல குஞ்சம்மா" என்றாள் சௌந்திரம். அன்றும் ஒரு கடலை உருண்டை மேஜைமேல் இருந்தது.

அந்த மாதத்திலிருந்து சௌந்திரம் கடைசிப் பக்கத்தின் அடியில் நாலு வரிக்கு இடம் விட்டுத்தான் ஸ்டென்சில் கீறினாள். எழுத வேண்டியது மனப்பாடமாக இருந்தது: இந்த முறை கள்ளிமேடு குஞ்சம்மாளுடையது. அவருடைய பதிவேட்டைக் குறை சொன்னது தவறு. சொன்னது நான். நாலு வரிகூட வேண்டாம், மூன்றே போதும். ஒவ்வொரு மாதமும் இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெற்றாக விட்டால் கேள்வி வரும். ஏதாவது ஒரு சமையல் குறிப்பைப் போட்டு அடைத்துவிடுவாள். கம்பு அடை, கொள்ளுச் சுண்டல், முருங்கைக்கீரைப் பொரியல், பாசிப்பயற்றுக் கஞ்சி. அந்தக் குறிப்புகள் அருமையாக இருப்பதாக ஆசிரியைகள் சொன்னார்கள். சிலர் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தார்கள்.

1989-ல் பதவி உயர்வில் சேலம் அஸ்தம்பட்டி அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. கடைசியாக ஒரு மடல் அவள் கையால் வர வேண்டியிருந்தது. தன் மாற்றல் சேதியைத் தானே எழுதினாள். அடியில் வழக்கம்போல நாலு வரி இடம். தகுதிகாண் பருவம் முடிந்து ஏழு வருடமாகியிருந்தது. தீர்த்தகிரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இனி யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. குஞ்சம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது, இன்னும் அதே பால்வாடியில் அதே தராசோடு இருந்தாள்.

பேனாவை எடுத்து 'இந்த' என்று கீறினாள். வெளியே ஆசிரியைகள் வழியனுப்ப வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "மேடத்துக்கு மாலையக் கள்ளிமேட்டக்காதான் போடோணும்" என்று யாரோ சொன்னார்கள்.

இன்றைக்கும் அவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று உள்ளே ஏதோ ஒன்று பழையபடி சுருக்கென்று குத்தியது.

'இந்த' என்பதை அடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு மேலே எழுதினாள். 'இந்த மாதக் குறிப்பு: கேழ்வரகுப் புட்டு.'