தழும்பு ஜாஸ்தின்னு நாலு மார்க் போட்டேன்

கட்டின புருஷன் மேலயே ஒரு வருஷம் பொறாமைப்பட்டவ நான். அவர் வேற எவளையாவது பார்த்திருந்தா, வெளியில சொல்லி அழவாவது ஒரு நியாயம் இருந்திருக்கும். அவர் செஞ்ச குத்தம் இன்னான்னா, நான் வீட்டுக்குக் கொண்டு வந்த புஸ்தகத்தை என்னைவிட நல்லாப் படிச்சதுதான்.

எனக்கு ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி ஆபீஸ்ல வேலை. வெளிநாட்டுக்குப் போற சரக்குக்குப் பேப்பர் தயார் பண்றது. இருபது வருஷமா அதே நாற்காலி, அதே ஜன்னல். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை மட்டும் நான் வேற ஆளு. சமையலை முடிச்சு மூடி வெச்சுட்டு வேலூர் பஸ் ஏறிடுவேன். லாங் பஜார்ல நோட்டு, பேப்பர் விக்கிற பாய் ஒருத்தர் இருக்கார். அவர் கடைக்கு மேல இருக்கிற ரூம்லதான் எங்க புஸ்தக கிளப் கூடும். பன்னெண்டு பேர். காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்க, பேங்க்ல இருந்து ரிடையர் ஆனவர், துணிக்கடைக்காரர், நான்.

மாசம் ஒரு புது புஸ்தகம். பழசு, பேர் போனது எல்லாம் கூடாது, இப்ப வந்ததா இருக்கணும். மூணு காப்பி வாங்குவோம். ஒரு காப்பி நாலு பேர் கையில சுத்தும், ஆளுக்கு ஒரு வாரம். கூட்டத்துல ஒவ்வொருத்தரும் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு சொல்லி, ஏன்னு மூணு நிமிஷம் எழுந்து நின்னு பேசணும். பாய் அதை அந்தப் புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்துல பென்சிலால எழுதுவார். பேர், மார்க், ஒரு வரி காரணம். எழுதினதை அழிக்கக் கூடாது. இதுல பாய் ரொம்பக் கறார்.

நான் எல்லாத்துக்கும் ஏழு போடுவேன். பத்து போட தைரியம் கிடையாது, மூணு போட மனசு வராது. அதனால என்னை 'ஏழு மேடம்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. நான் எழுந்திருச்சா ஜனங்களுக்கு சமோசா ஞாபகம் வந்துடும். தட்டு ஒரு ரவுண்டு சுத்தி முடியறதுக்குள்ள நான் பேசி உக்காந்திருப்பேன். சிரிச்சுக்குவேன். உள்ளுக்குள்ள வெந்துகிட்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் டேனரியில தோல் தரம் பிரிக்கிறவர். வடக்குப் பக்கத்து வெளிச்சத்துல மேஜை மேல ஆட்டுத்தோலை விரிச்சு, கையால ஒரு தடவு தடவி, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட்னு அடுக்குல போட்டுடுவார். ஒரு தோலுக்கு நாலு மூச்சு விடற நேரம்தான். வீட்ல பேப்பரோட கடைசிப் பக்கத்தைத் தவிர அவர் எதையும் படிச்சு நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயித்துக்கிழமை கரண்ட் போய், போன்லயும் சார்ஜ் இல்லாம, சும்மா பேஜாரா உக்காந்திருந்தவர் என் புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினார். புதன்கிழமை முடிச்சுட்டார். நான் அப்போ எண்பதாவது பக்கத்துல இருந்தேன்.

எப்படி இருக்குன்னு ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். "வயித்துப் பக்கம் லூஸு"ன்னார். தோல்ல முதுகுப் பக்கம் கெட்டியா இருக்குமாம், வயித்துப் பக்கம் கட்டைவிரலால அழுத்தினா சுருங்குமாம். இந்தக் கதை ஆரம்பமும் முடிவும் நல்லா கெட்டி, நடுவுல நூறு பக்கம் விரல் வெச்சாலே சுருங்குதுன்னார். சொல்லிட்டு மோர் கேட்டார்.

அந்த மாசக் கூட்டத்துல அதை அப்படியே என்னோடதா சொன்னேன். அஞ்சு மார்க். தட்டுப் பக்கம் போன ஒரு கை பாதியிலேயே நின்னுச்சு. பேங்க்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "மறுபடியும் சொல்லுங்க மேடம்"னார். பாய் ஒரு வரி எழுதற இடத்துல மூணு வரி எழுதினார். பஸ்ல திரும்பி வரும்போது எனக்குத் தரையில கால் பாவல.

அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. புஸ்தகம் வரும், நான் படிப்பேன், அவர் படிப்பார், அவர் ஒரு வார்த்தை விடுவார், நான் அதை எடுத்துகிட்டு வேலூர் போவேன். கிளப்ல எல்லாரும் என் முறைக்காகக் காத்திருக்க ஆரம்பிச்சாங்க. சமோசா ஆறினாலும் பரவாயில்லைன்னு உக்காந்திருந்தாங்க.

சந்தோஷமா இருக்க வேண்டியவதானே? இல்ல. வயிறு எரிஞ்சுது. நான் பத்து வயசுலேர்ந்து படிக்கிறவ. வாடகை லைப்ரரியில ஆரம்பிச்சு, பொட்டலம் கட்டி வந்த பேப்பர் வரைக்கும் விடாதவ. எனக்கு வராத வார்த்தை, லுங்கியை மடிச்சுக் கட்டிகிட்டுப் பல்லு குத்திகிட்டிருக்கிற மனுஷனுக்கு எங்கேர்ந்து வருது? அதுவும் கஷ்டப்படாம வருது. அதுதான் தாங்கல.

ஒரு மாசம் புஸ்தகத்தைச் சாப்பாட்டுப் பையிலேயே வெச்சு ஆபீசுக்கு எடுத்துகிட்டுப் போய்ட்டேன், அவர் கையில சிக்கக்கூடாதுன்னு. நான் குளிக்கிற நேரத்துலயும் துணி காயப்போடற நேரத்துலயும் பையிலேர்ந்து எடுத்துப் படிச்சிருக்கார். பக்கத்துல சாம்பார்க் கறை வேற. இன்னொரு மாசம், அவர் சொன்னதைத் தொடவே கூடாதுன்னு சபதம் பண்ணி, ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு என் சொந்தப் பேச்சை ஒத்திகை பார்த்துட்டுப் போனேன். பேசி முடிச்சதும் காலேஜ்காரம்மா சொன்னாங்க, "இன்னைக்கு மேடம் கொஞ்சம் டல்லு." அன்னைக்கு பஸ்ல கம்பியைப் புடிச்சுகிட்டு அழாத குறை.

அடுத்த ஞாயித்துக்கிழமை வெட்கமில்லாம ஆட்டுக்கால் பாயா வெச்சு, இடியாப்பம் புழிஞ்சு, அவர் தட்டுல போட்டுட்டு, "புக்கு எப்படிங்க?"ன்னு கேட்டேன். விருந்து எதுக்குன்னு அவருக்குத் தெரியாது. ஒரு மூட்டெலும்பை உறிஞ்சிட்டு ஏதோ சொன்னார். அந்த மாசம் கைதட்டினாங்க.

இப்படி ஒரு வருஷம் ஓடினப்போதான் அந்த நாவல் வந்துச்சு. ஒரு பொண்ணு எழுதின முதல் நாவல். அங்கங்க கரடுமுரடு, அத்தியாயம் முடிய வேண்டிய இடத்துல முடியாது. நான் படிச்சு முடிச்சு அவர் பக்கம் தள்ளி வெச்சேன். எனக்கு எப்படி இருந்துச்சுங்கறதைப் பத்தி நான் யோசிக்கிற வழக்கமே அப்போ போயிடுச்சு. அவர் வாயைத்தான் பார்த்துகிட்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில சட்டை மாட்டிகிட்டே சொன்னார், "தழும்பு ஜாஸ்தி." அதுக்குள்ள டேனரியிலேர்ந்து போன் வந்து, பேசிகிட்டே வண்டியெடுத்துப் போய்ட்டார். சாயங்காலம் கேட்டிருக்கலாம். தழும்புன்னா இன்னாங்க, நல்லதா கெட்டதான்னு ஒரு கேள்வி. அவர் கிட்ட முதல் கேள்வி கேக்கிறதே எனக்கு நெருப்பை முழுங்கற மாதிரி. ரெண்டாவது கேள்வி கேட்டா நான் ஒண்ணும் தெரியாதவன்னு ஆகிடும்னு விட்டுட்டேன். தோல்ல தழும்பு இருந்தா தள்ளத்தானே செய்வாங்க, இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்கு?

கூட்டத்துல எழுந்து நின்னேன். ஒவ்வொரு பக்கத்துலயும் தழும்பு, ஏற்றுமதிக்கு லாயக்கில்லாத சரக்குன்னு வீறாப்பா பேசினேன். நாலு மார்க். ரூம்ல சிரிப்பு. பாய் எழுதிகிட்டார்.

அன்னைக்கு என் வீட்டுக்காரருக்கும் வேலூர்ல ஒரு கல்யாணம். முடிச்சுட்டு என்னைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்து கடை வாசல்ல நின்னிருக்கார். ஜன்னல் வழியா தலையை நீட்டிப் பார்த்த பாய், யாருன்னு கேட்டுட்டு, வெயில்ல எதுக்கு நிக்கிறீங்கன்னு மேல கூட்டிட்டு வந்து டீ கொடுத்துட்டார். மரியாதைக்கு, இந்தப் புக்கு நீங்க பார்த்தீங்களான்னும் கேட்டார்.

"வீட்ல இருந்துச்சு, படிச்சேன் பாய். தழும்பு ஜாஸ்தி."

எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும் இதையேதான் சொன்னாங்க, நாலு போட்டிருக்காங்கன்னார் பேங்க்காரர். என் வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழ வெச்சார்.

"நாலா? நான் ஃபர்ஸ்ட்ல போடுவேங்க. முள்ளுல மேஞ்ச ஆடுன்னா கீறல் இருக்கும். காயம் ஆறாம இருந்தா ரிஜெக்ட். ஆறி மூடிகிட்ட தழும்பு அப்படி இல்ல. விவரம் தெரிஞ்ச வெளிநாட்டுக்காரன் அதைக் கேட்டு வாங்குவான். பெயின்ட் அடிச்சு மூடின தோல்லதான் ஒரு தழும்பும் இருக்காது. இந்தப் பொண்ணு எதையும் மூடல."

காலேஜ்காரம்மா மெதுவா என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, அப்போ அந்த வயித்துப் பக்கம் லூஸுன்னு மேடம் ஒரு தடவை சொன்னாங்களேன்னு இழுத்தாங்க. அது நான் வீட்லன்னு ஆரம்பிச்ச என் வீட்டுக்காரர் என் மூஞ்சியைப் பார்த்தார். நிறுத்திட்டார். வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கிறதுதாங்கன்னு முடிச்சுகிட்டார்.

என் மார்க்கை மாத்திக்கிறேன் பாய்னு கேட்டேன். எழுதினது எழுதினதுதாம்மான்னார். பேங்க்காரர் எழுந்து போய் என் வீட்டுக்காரர் கையைப் புடிச்சுக் குலுக்கினார். அதோட விட்டாங்களா? அடுத்த மாசப் புஸ்தகத்தை பாய் எடுத்துகிட்டு வந்தார், என்னைத் தாண்டிப் போய் அவர் கையில கொடுத்தார். அந்த நிமிஷம் என் வீட்டு மனுஷனைக் கண்டதுண்டமா வெட்டிப் போட்டுடலாமான்னு இருந்துச்சு. சத்தியமாத்தான் சொல்றேன்.

வண்டியில அவர் தோளைப் புடிக்காம பின்னாடிக் கம்பியைப் புடிச்சுகிட்டு வந்தேன். பள்ளிகொண்டா கிட்ட ஒரு டீக்கடையில நிறுத்தினார். திட்டப் போறார், ஒரு வருஷமா என் பேச்சைத் திருடினியான்னு கேக்கப் போறார்னு தயாரா இருந்தேன். கேட்டா திருப்பிக் கேக்கறதுக்கும் நாலு வார்த்தை வெச்சிருந்தேன்.

அவர் ரெண்டு டீ வாங்கி, ஒண்ணை என் கையில கொடுத்துட்டு, "அதை விடு. உனக்கு அந்தப் புக்கு எப்படி இருந்துச்சு?"ன்னார்.

வாயைத் தொறந்தேன். முதல்ல வந்ததெல்லாம் அவரோட வார்த்தை. தழும்பு, முதுகு, வயிறு. எல்லாத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைசியில உண்மையைச் சொன்னேன். படிக்கும்போது அழுதேன். வேலைக்குப் போற பஸ்ல அழுது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்து ஆபீசுக்கு லேட்டு.

"அழுதியா? எதுக்கு?"

கதையில ஒருத்தி வருவாளே, வேலை முடிஞ்சு வர்றவ. பஸ்ஸை டெப்போவுல நிறுத்தி எல்லாரும் இறங்கின பிறகும் சீட்லயே உக்காந்திருப்பாளே, அங்கதான்னேன். அவளுக்குச் சோகம் ஒண்ணும் கிடையாது. யாரும் அவளை ஒண்ணும் கேக்காத இடம் அது ஒண்ணுதான், அதை விட்டு எழுந்திருக்க மனசில்ல. அதை அந்தப் பொண்ணு ரெண்டே வரியில எழுதிட்டுப் போய்ட்டா.

அவர் டீயைக் குடிக்கல. ரோட்டைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"அந்த இடம் நானும் படிச்சேனே. எனக்கு ஒண்ணுமே ஆகல. பஸ்ல உக்காந்திருக்கா, சரின்னு தாண்டிப் போய்ட்டேன்." கிளாஸை பெஞ்சுல வெச்சுட்டு, "உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"ன்னார்.

குரல்ல ஒரு கடுப்பு. உதடு லேசாக் கோணிகிட்டு, கண்ணு சுருங்கி, தனக்குக் கிடைக்காததை எதிராளி தட்டுல பார்க்கிற பார்வை. அந்த மூஞ்சியை எனக்கு நல்லாத் தெரியும். ஒரு வருஷமா நான் போட்டுகிட்டுத் திரிஞ்சது.

இன்னும் சொல்லு, அந்தப் பொண்ணு வேற எங்க அப்படி எழுதியிருக்குன்னு கேட்டார். உடனே சொல்லிடலை. என் கிளாஸ்ல மிச்சமிருந்த டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவரைக் காக்க வெச்சேன்.