செஞ்சிக்கு வரவேண்டிய மகாராஜ்

இப்போது தீபாவளிக் கோட்டை அட்டைப்பெட்டியில் வருகிறது. பிரித்து, மதிலை மதிலோடு பொருத்தி, உச்சியில் மகாராஜை ஒட்டினால் வேலை முடிந்தது. என் மகன் போன வருஷம் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தே கட்டிவிட்டான். விரலில் ஒரு பொட்டு மண் இல்லை. பூனாவின் வாகட் பக்கம் மண்ணுக்கு அவன் எங்கே போவான், பாவம். கார் நிறுத்தும் இடம்வரை டைல்ஸ் பதித்துவிட்டார்கள்.

நான் பூனாவை ஒட்டிய நிக்டியில் வளர்ந்தவள். தீபாவளி நெருங்கினால் அங்கே பிள்ளைகள் எல்லாரும் வாசலில் ‘கில்லா’ கட்டுவோம். கில்லா என்றால் மண்கோட்டை. செங்கல் துண்டுகளை அடுக்கி, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தி, மண்ணைக் குழைத்துப் பூசி, காடு முளைக்கக் கடுகு தூவுவோம். உச்சியில் சிம்மாசனம் வைத்து, அதில் மராட்டிய ராஜா சத்ரபதி மகாராஜின் மண்பொம்மையை உட்கார வைக்க வேண்டும். மகாராஜ் இல்லாத கில்லா, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்கு லீவு என்பது மட்டும்தான். காலையில் சைக்கிளில் போய் கேட்டுக்கு எதிரே மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டு மத்தியானமே திரும்பிவிடுவார். ஷிப்ட் முடிந்து வந்து சுருண்டு படுக்கிற அப்பாவை மட்டுமே பார்த்திருந்த எனக்கு அது அடித்த யோகம். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் டியூட்டிக்கு ஓடிக்கொண்டிருக்க, என் அப்பா மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு மண் மிதித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சொல்லப்போனால் நான்தான் அவருக்கு எடுபிடி. பக்கத்து வாசல்களில் எல்லாம் ஒற்றை மலைக் கோட்டை. அப்பா கட்டியதோ மூன்று மலை, மூன்றையும் வளைத்து ஒரே மதில். எங்கள் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கம். சத்ரபதி ஒரு காலத்தில் இங்கிருந்து படையோடு போய்ப் பிடித்த கோட்டை அது. அது போதாதா அப்பாவுக்கு? மதிலைத் தடவித் தடவி வழவழப்பாக்குவார், தள்ளி நின்று பார்ப்பார், பிடிக்காமல் இடித்துவிட்டு மறுபடி கட்டுவார்.

“அஞ்சறைப் பெட்டிக் கடுகையும் விடலியா நீங்க?” என்று அம்மா சலித்துக்கொண்டாள். சலித்துக்கொண்டே போய், நவராத்திரி முடிந்து துணியில் சுற்றி வைத்திருந்த கொலு பொம்மைகளிலிருந்து செட்டியாரையும் செட்டிச்சியையும் எடுத்து வந்து கொடுத்தாள். அவர்கள் கோட்டை அடிவாரத்தில் பருப்பும் அரிசியும் பரப்பிக் கடைபோட்டார்கள். எந்த மராட்டி வீட்டுக் கில்லாவிலும் அப்படியொரு மளிகைக் கடை இருந்திருக்காது.

கடுகு முளைத்துக் காடாகிவிட்டது. சிம்மாசனம் மட்டும் காலியாகவே இருந்தது. சந்தையில் மகாராஜ் பொம்மைகள் வரிசை வரிசையாக இருந்தன. நானே கண்ணால் பார்த்தேன். நாளைக்கு வாங்கலாம் என்று இரண்டு மூன்று தடவை சொன்ன அப்பா, அப்புறம் வேறு கதை சொல்ல ஆரம்பித்தார்.

“இது செஞ்சிக் கோட்டை கண்ணு. மகாராஜ் பூனாவுல இருந்து கெளம்பிட்டாரு. குதிரைமேல எம்மாந்தூரம் வரணும், சொல்லு.”

முதலில் நம்பினேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எதுவரைக்கும் வந்திருக்கிறார் என்று கேட்பேன். அப்பா சளைக்காமல், ஆற்றில் வெள்ளம், குதிரைக்குக் கால் வலி என்று காரணம் சொல்வார். தீபாவளியும் வந்துவிட்டது. போன வருஷத்து கவுனுக்குப் புது லேஸ் தைத்துப் போட்டுவிட்டதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் பிள்ளைகள் கும்பலாக ஒவ்வொரு கில்லாவாகப் பார்த்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, காலிச் சிம்மாசனத்தைக் கண்டு சிரித்தபோது, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மானமே போய்விட்டது.

பின்னாலேயே எதிர்வீட்டு காக்கூ வந்தார். காக்கூ என்றால் சித்தி. மராட்டிக்கார அம்மாள், பிள்ளைகளெல்லாம் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டவர். கில்லாவைச் சுற்றிவந்து, செட்டியார் கடையைக் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு, “மகாராஜ் குடே?” என்று கேட்டார்.

மகாராஜ் எங்கே என்று கேட்கிறார். அப்பா தன் தொழிற்சாலை மராட்டியில், “யேதாயத் காக்கூ, வாட்டேத் ஆஹேத்” என்றார். வழியில் இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார்.

காக்கூ அப்பாவின் முகத்தைப் பார்த்தார். என் கவுனைப் பார்த்தார். சட்டென்று திரும்பி வீட்டுக்குப் போனார். நானானால், அவருக்கும் எங்கள் கில்லா பிடிக்கவில்லை என்று இன்னும் உரக்க அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் முந்தானையில் எதையோ மூடிக்கொண்டு திரும்பி வந்தார். அவருடைய பிள்ளைகள் சின்ன வயதில் வைத்து விளையாடிய மகாராஜ். மூக்கு நுனி உடைந்து, தலைப்பாகையில் சாயம் போயிருந்தது. அதை என் கையில் கொடுக்காமல் அப்பாவின் கையில் கொடுத்து, “மகாராஜ் ஆலே பகா” என்றார், மகாராஜ் வந்துவிட்டார் பாருங்கள் என்று.

அப்பா மகாராஜைச் சிம்மாசனத்தில் அமர்த்தினார். பிறகு குழாயடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவினார். கில்லா வேலைதான் எப்போதோ முடிந்துவிட்டதே, முகத்தில் மண் எங்கே ஒட்டியிருக்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயந்தரம் எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். நான் சாமி முன்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

“பிள்ளையாரப்பா, எங்கப்பாவுக்கு லீவு முடியவே கூடாது. எப்பவும் இப்படியே வீட்லயே...”

அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. என் உதடெல்லாம் எண்ணெய் பிசுபிசுத்தது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, அதனால்தான் பொத்துகிறாள் என்று நினைத்தேன். மிச்சத்தை மனசுக்குள்ளேயே வேண்டி முடித்தேன்.