லிட்டருக்கு இருபது மில்லி

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அப்பா வரப்புப் புல் வெட்ட ஒரு மெஷின் வாங்கினார். நீளக் குழாயின் நுனியில் நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுக்கும். வெறும் பெட்ரோலில் ஓடாது. டூ-டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கூட வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னேன்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இருபது மில்லி ஆயில்.

ஐப்பசி மழையில் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் முழங்கால் வரை ஏறியிருந்தது. கல்லறைத் திருநாளுக்குள் தானே வெட்டித் தருவதாக அப்பா பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். திருநாளுக்கு முதல் நாள் காலை மெஷினை வாசலில் வைத்தவர், ஆயில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இருபதுதானா? நல்லாப் பாத்தியா?"

"இருபதுதாம்ப்பா."

"கொறைஞ்சா பிஸ்டன் கவ்விக்கும். கூடுனா ஒரே புகையாப் போயிடும். எதுக்கு வம்பு? அத்தைக்கு ஃபோன் போடு. மருந்தெல்லாம் அளந்து குடுக்கிறவ அவதான்."

அத்தை, அப்பாவின் தங்கை, மயிலாடுதுறையில் நர்ஸ். இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தாத்தாவின் கல்லறைக் கல்லில் அப்பா தன் பெயரை மட்டும் பொறித்து, அத்தையின் பெயரை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருநாளன்றும் அத்தை விடியற்காலையிலேயே வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, எங்கள் தெருப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறிவிடுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்று என் கவலைதான் எனக்குப் பெரிது. நான் சரியாக வாசித்திருக்கிறேன், அப்பா நம்பவில்லை. மெஷினோடு வந்த, கோடு போட்ட அளவு பாட்டிலை எடுத்துக் காட்டினேன். "கோட்டைத் தப்பாப் போட்டிருப்பான்" என்று அதை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

ஃபோன் போட்டேன். "அத்தை, பெட்ரோல்ல எவ்வளவு ஆயில் கலக்கணும்னு அப்பா கேக்கிறாங்க."

"அப்பாவா கேக்கச் சொன்னாங்க?"

"ஆமா. நான் இருபதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

"எதையும் ஊத்த வேணாம்னு சொல்லு. நான் வர்றேன்."

பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். கைப்பையில் ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்ச். லிட்டருக்கு இரண்டு சிரிஞ்ச் என்று ஆயிலை உறிஞ்சி கேனில் விட்டு, மூடிக் குலுக்கினார். அப்பா கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா, புகையே இல்ல! சரியான அளவு!" என்றார் அப்பா, யாருக்கும் தெரியாத ஒன்றை அத்தை கண்டுபிடித்துவிட்ட மாதிரி. அந்த இருபதைத்தான் நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாலைக்குள் தோட்டம் சுத்தமாகிவிட்டது. தாத்தாவின் கல்லைச் சுற்றிக் கடைசியாக வெட்டி, மெஷினை நிறுத்திவிட்டு அப்பா சொன்னார்: "வேற கல்லு செய்யச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேர் பேரும் வரும்."

கல்லின்மேல் ஒட்டியிருந்த புல்லை அத்தை கையால் தட்டிவிட்டார். "மொதல்ல கையைக் கழுவுங்கண்ணா. பெட்ரோல் நாத்தம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்கள்.

அன்றைக்கு அத்தை எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். கிளம்பும்போது அப்பா, "கலந்ததெல்லாம் தீந்துபோச்சு. அடுத்த வாரம் வரப்பு வெட்டணும்" என்றார்.

"ஞாயித்துக்கெழமை லீவுதான். வந்து கலந்து தர்றேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் அத்தை எதுக்கு வரணும்? அஞ்சு லிட்டருக்கு நூறு மில்லி. இப்பவே மொத்தமாக் கலந்து வச்சிட்டுப் போயிடலாம்ல?"

மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் உள்ளே ஓடி, நோட்டை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். நூறுதான் வந்தது. இன்னொரு தடவையும் பெருக்கினேன்.