டிரைவருக்கும் சேர்த்து ஆயுத பூஜை

பிள்ளைகளே, நான் வேலை பார்க்கும் சிஞ்ச்வட் பிரஸ் ஷாப்பில், அதாவது இரும்புத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் பட்டறையில், ஆயுத பூஜையன்று சுமை தூக்கும் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் டிரைவருக்கே பூஜை நடந்துவிட்டது. சிரித்துக்கொண்டே படியுங்கள். ஆனால் முழுசாகப் படியுங்கள்.

டிரைவர் பெயர் முருகேசன். நம்ம ஊர்க்காரன்தான், இங்கே கசார்வாடியில் வீடு. ஷிஃப்ட் முடிந்ததும் பாணேரில் பார்சல் டெலிவரிக்குப் போவான். மாதக்கணக்காக அரைத் தூக்கம். கேட்டால், "பழகிடுச்சுண்ணே. தூக்கமெல்லாம் சும்மா ஒரு கெட்ட பழக்கம்" என்பான். பொய் சொல்லவில்லை. கொட்டாவிகூட விடமாட்டான்.

பூஜை செய்வது கேன்டீன்காரர் தாத்யா. அசையாமல் நிற்கும் எதையும் அவர் விடமாட்டார். பிரஸ், கம்ப்ரஸர், தண்ணீர் கூலர், எல்லாவற்றுக்கும் குங்குமம், செண்டுப்பூ மாலை. ஃபோர்க்லிஃப்டில் முருகேசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். தாத்யா ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்தார், ஸ்டியரிங்குக்கு வைத்தார், முருகேசன் நெற்றிக்கும் வைத்தார். மாலையும் போட்டார். மேனேஜர் சாஹேப் கையெடுத்துக் கும்பிட்டார். முருகேசன் அசையவில்லை.

தேங்காய் உடைந்த சத்தத்தில்தான் விழித்தான். கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, என்னாச்சு? செத்துட்டேனா?"

"இன்னும் இல்லடா. கீழ இறங்கு" என்றேன்.

"அரே, மைனே மெஷின் சம்ஜா!" என்று தாத்யா விழுந்து விழுந்து சிரித்தார். அவனையும் மெஷின் என்றே நினைத்துவிட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் தசரா லீவு. அது முடிந்ததும் ரேக்கிலிருந்து ஒரு டையை இறக்க வேண்டும். பிரஸ்ஸில் மாட்டும் இரும்பு அச்சு அது, யானைக்குட்டி கனம். பக்கத்திலேயே ஹெல்பர்கள் நிற்பார்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ் நான்தான். "இவன் ஓட்டலாமா? நீயே சொல்" என்று சாஹேப் இந்தியில் கேட்டார்.

முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சாவிய வாங்கிட்டா மறுபடி மூட்டை தூக்குற லோடிங்தாண்ணே எனக்கு. லீவு பூரா தூங்கிடறேன், சரியாயிடும். சத்தியமா சொல்றேன், எனக்குத் தூக்கமே..."

பேச்சு அதோடு நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. நான் கையை உருவிக்கொண்டு சாவியை எடுத்ததுகூட அவனுக்குத் தெரியாது.

நன்றாகத் தூங்கித் தேறும்வரை அவன் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சாஹேபைக் கெஞ்சினேன். பார்சல் வேலையை விட்டால் சரி என்றார். லீவு முழுக்கத் தூங்கிவிட்டு வந்தவனைப் பேக்கிங்கில் உட்கார வைத்தோம். பெட்டியில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரைத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டான். ஒரு நாள் தூக்கம் எந்த மூலைக்கு?

சில வாரம் ஒழுங்காகத் தூங்கிய பிறகு கோபமாக வந்தான். "என்னைக் கெடுத்துட்டீங்களேண்ணே! முன்ன தூக்கம்னா என்னன்னே தெரியாது. இப்ப சாப்பிட்டு எழுந்தாலே கண்ணு சொக்குது. கொட்டாவி வேற!"

கொட்டாவி திரும்பி வந்துவிட்டதே என்று நான் சாவியை அவன் கையில் கொடுத்தேன்.

தூக்கம் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்வதில்லை. தூக்கம் வருகிறது என்று உள்ளேயிருந்து சொல்லும் குரல்தான் ஓய்ந்துபோகிறது. அதனால்தான் நீங்கள் மொபைலும் கையுமாக "தூக்கம் வரலப்பா" என்றால் நான் நம்புவதில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கும் தாத்யா குங்குமத் தட்டோடுதான் வந்தார். அவர் தாண்டிப் போகும்வரை முருகேசன் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே நின்றான்.