தூங்கிய சுரப்பி

முதலில் வந்தது அசதிதான். ஜவ்வாது மலையில் எங்கள் புளியமரங்களில் ஏறி உலுக்கிவந்த அண்ணன், ஐம்பதைத் தாண்டியதும் பாதி மரத்திலேயே மூச்சு வாங்கினார். 1970களின் கடைசி அது.

ஆலங்காயம் லாட்ஜில் மாதம் ஒருமுறை ஒரு வைத்தியர் வந்து தங்குவார். இளமை சுரப்பிகளில் இருக்கிறது, கிடாயின் விரைச்சாறு சேர்ந்த என் லேகியம் அவற்றைத் தட்டியெழுப்பும் என்றது அவருடைய நோட்டீஸ். கிடாயின், குரங்கின் சுரப்பிகளைக் காட்டி இளமை விற்பது பழைய வியாபாரம். வெளிநாடுகளில் ஓய்ந்த பிறகு எங்கள் அடிவாரத்துக்கு வந்திருந்தது.

அண்ணன் ஒரு வருடம் சாப்பிட்டார். பசித்தது. முகம் உருண்டு பளபளத்தது. மறுபடி மரமேறினார். "புது மாப்ள கணக்கா கீறாரு" என்று ஊர் கேலி செய்தது. வேலூரில் பத்திரிகை ஒன்றில் பிழைதிருத்துபவனாக இருந்த நான் விடுப்பில் போனபோது, அந்த முகம் வேறு யாருடையதோ போலிருந்தது.

அப்போது பங்காளி ஒருவர் இறந்தார். தீட்டுப்பட்ட மருந்து வேலை செய்யாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அண்ணி லேகிய டப்பாவை எருக்குழியில் வீசினார். கருமாதிக்குள் அண்ணனுக்கு ஓயாத வாந்தி. பிறகு நினைவு தப்பியது.

வேலூர் ஆஸ்பத்திரியில் எவ்வளவு குளுக்கோஸ் ஏற்றியும் இரத்த அழுத்தம் உயரவில்லை.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறாராம்மா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லீங்க." அண்ணி பொய் சொல்லவில்லை. வீசியெறிந்தது அவர் கணக்கில் இல்லை.

டாக்டர் அண்ணனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "முகம் எப்பலேர்ந்து இப்படி?"

அண்ணி தலை குனிந்தார். "லேகியம் துன்னாருங்க. தீட்டாயிடுச்சின்னு தூக்கிப் போட்டுட்டேன்."

"எப்போ?"

"சாவு வூட்டுக்குப் போன அன்னிக்கே."

டாக்டர் அதற்குள் நர்ஸிடம் ஊசி கேட்டிருந்தார்.

லேகியத்தில் ஸ்டீராய்டு (அட்ரீனல் சுரப்பி சுரக்கும் நீரின் செயற்கை வடிவம்) கலந்திருக்க வேண்டும் என்றார் அவர். வெளியிலிருந்தே கிடைத்ததால் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அந்தச் சுரப்பி வேலையை விட்டுத் தூங்கிவிட்டது. சட்டென்று நிறுத்தியதும் உடம்புக்கு அந்த நீர் உள்ளிருந்தும் இல்லை, வெளியிலிருந்தும் இல்லை. நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிறுத்திய மருந்தையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்ததை முதலில் சொல்லுங்கள்.

அண்ணன் பிழைத்தார். அதே ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சுரப்பி எப்போது விழிக்கும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

"இன்னா, எழுந்துச்சா அது?" என்று அண்ணி காலையில் கேட்பார்.

"நீ போடற சத்தத்துக்கே எழுந்திருக்கணும். அது செவுடு போல."

மரங்களைக் குத்தகைக்கு விட்டாயிற்று. இளமைக்கு அவசரப்பட்டவர், விடிந்ததும் இரு கால்களையும் தரையில் ஊன்றி, உடம்பு சம்மதிக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.