பங்கர் சுவரில் துருப்புள்ளி

செவ்வாய்க் கிரகத்து மண் ஏன் சிவப்பு என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் விளக்கம் கொடுத்தவன் நான். சொந்த வீட்டு வளவில் குண்டுக்கு ஒளியப் பங்கர் வெட்ட இடம் பார்த்தபோது மட்டும், மண்வெட்டி எங்கே சுகமாக இறங்குகிறது என்று பார்த்தேன். மண் ஆய்வுப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலம். உடுவிலில் எங்கள் வீட்டைச் சுற்றிச் செம்மண். கொஞ்சம் வெட்டினால் சுண்ணாம்புக்கல், இரும்பு அலவாங்கு பட்டுத் துள்ளும். வளவின் பின்மூலை வயல் பக்கம் சரிந்த சாம்பல் மண். தொதல் பலகாரம் மாதிரி மெத்தென்று வெட்டுப்பட்டது. பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணையும் நானும் அங்கே ஆளுயரக் குழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி மூடினோம். அவருடைய மகள் ராணிக்குக் கார்த்திகையில் பிள்ளை பிறக்க இருந்தது. ஓட முடியாத அவளுக்கு அந்தக் குழிதான் காவல்.

புரட்டாதியில் ஒரு காலை பொம்மர் விமானம் வந்தது. இரண்டு வீட்டாரும் உள்ளே இறங்கினோம். சத்தம் தலைக்கு மேலே வட்டம் போட, பயத்தில் முகத்தைச் சுவரோடு ஒட்டினேன். வாசல் வெளிச்சத்தில், மூக்குக்கு முன்னால் செம்மஞ்சள் புள்ளிகள். சாம்பல் மண்ணில் பழைய வேர் ஓட்டைகளைச் சுற்றி இரும்புத் துரு.

தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து நிறம் வெளுக்கும். தண்ணீர் வடிய, வேர் ஓட்டை வழியே காற்றுப் போய் அங்கே துருப்பிடிக்கும். அப்படியென்றால் மாரிக்கு மாரி தண்ணீர் இங்கே ஏறி இறங்குகிறது. புள்ளிகள் என் நெஞ்சு உயரம் வரை இருந்தன.

எங்கோ குண்டு விழுந்தது. கூரை மண் தலையில் கொட்டியது.

"அண்ணை, உது மாரிக்குக் கிணறாகும்."

"மேலை அவன் சுத்துறான். நீர் மாரியைப் பற்றிக் கதைக்கிறீர்."

"பிள்ளைத்தாச்சியை நெஞ்சளவு தண்ணியிலை இறக்கேலுமே?"

ராணி என்னைப் பார்த்த பார்வைக்குப் பொம்மர் பரவாயில்லை.

சத்தம் போனதும் வெளியே வந்து வீட்டோரச் செம்மண்ணைக் கிளறிக் காட்டினேன். "உள்ளுக்கும் ஒரே சிவப்பு. இரும்பு துருவாவே நிக்குது எண்டால் தண்ணி தேங்கேல்லை. செவ்வாயிலையும் உந்தத் துருவை வைச்சுத்தான் தண்ணிக் கதை கதைக்கிறாங்கள்."

கந்தையா அண்ணை உள்ளங்கைக் கொப்புளத்தைக் காட்டினார். "செவ்வாயிலை அலவாங்கு பிடிக்க ஆள் இருக்கோ?"

ஆனால் மறுநாள் விடிய முதல் ஆளாக வந்து நின்றார்.

வீட்டோரச் செம்மண்ணில் கீழே கல் தட்டியதால் பாதி நிலத்துக்குள், பாதி மண்மூடைச் சுவர் என்று கட்டினோம். வேறு பனங்குற்றி கிடைக்கவில்லை. பழைய பங்கரின் கூரையைத்தான் பிரிக்க வேண்டும். பிரித்த அன்று பகல் முழுக்க இரண்டு வீட்டுக்கும் பங்கரே இல்லை. தூரத்து லொறிச் சத்தத்துக்கெல்லாம் வானத்தைப் பார்த்தபடி குற்றி சுமந்தோம். கடைசிக் குற்றியை ஏற்றும்போது தூறத் தொடங்கியது.

கார்த்திகை அடைமழைக்கு நடுவே பொம்மர் மறுபடி வந்தது. புதிய பங்கரில் நிறைவயிற்றோடு ராணி காய்ந்த மண்ணில் காலை நீட்டி இருந்தாள். வாசலால் எட்டிப் பார்த்தேன். பின்மூலைக் குழியில், புள்ளிகள் நின்ற உயரத்தில் தண்ணீர் நின்றது. தவளை கத்தியது.

பிள்ளைகளே, முதலில் நிறத்தைப் பாருங்கள், மண்வெட்டி பிறகு.

அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமை பொறுக்கவில்லை. மனைவியிடம் மெல்லச் சொன்னேன்: "பாத்தியே யோகம், மண் எல்லாத்தையும் சொல்லுது."

"முதல் பங்கர் வெட்டேக்கையும் சொல்லியிருக்கும்."